இடியும் மூட்டமும் ஒரே ஆல்பத்தில்

ஆயாக் கொட்டகையில் யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. ரோட்டில் நின்று பனிமூட்டத்தைப் பார்த்தால் போதும். மூட்டம் வாசல் வழியாக மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தால் ஹரிதாஸ் வாசிக்கிறான். விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தால் ரஞ்சிதம்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தால் மூட்டம் வாசற்படியில் நிற்கும். உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். ஒருமுறை அப்படி நின்று நின்று அதற்கு மயக்கமே வந்துவிட்டது. நான்தான் பிடித்து ஓரமாக உட்காரவைத்தேன்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காக எஸ்டேட்டில் அந்தக் காலத்தில் கட்டிய தகரக் கொட்டகை அது. இப்போது கொழுந்து வெட்ட வருகிறவர்கள் பங்களாதேஷ் பையன்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை டாக்காவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் கொட்டகை சும்மா கிடந்தது. ரஞ்சிதம் போய்த் துரையிடம் கேட்டாள். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போக்காரர். மேனேஜராக யார் வந்தாலும் நாங்கள் துரை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். "என்ன செய்யப் போற?" என்றாராம். "பாட்டு" என்றாளாம். அவர் பஜனை என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ரஞ்சிதம் என் தம்பி மகள். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கிறாள். மற்ற நேரத்தில் ஹெவி மெட்டல் வாசிக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு லோரி, ஒரு கல் குவாரி, ஒரு உறுமி மேளம் மூன்றையும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, மலை உச்சியிலிருந்து உருட்டிவிட வேண்டும். கிண்டலாகச் சொல்லவில்லை. உருளுகிற பெட்டி ஒவ்வொரு பாறையிலும் தாளத்தோடு விழ வேண்டும், அங்கேதான் வித்தை இருக்கிறது. ரஞ்சிதத்தின் பெட்டி ஒருநாளும் தாளம் தப்பி விழுந்ததில்லை. அவள் வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தந்தியைத் தட்டிய கணமே அந்தக் கை சத்தத்தின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வெளியே போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும்.

அவள் பாடுகிறாள் என்று சொல்ல முடியாது. உறுமுகிறாள். முதல் தடவை கடையில் நின்று பழகிப் பார்த்தபோது, எதிரே கூடையில் இருந்த காய் ஸ்ட்ராபெரியெல்லாம் பயத்தில் சிவந்துவிட்டது. கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூடையோடு வாங்கிக்கொண்டு போனது. நல்ல ருசி என்று மறு வாரமும் வந்தார்கள்.

ஹரிதாஸ் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறான். மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவதற்கு நீளநீளமான தொட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் ஆள் உயர விசிறிகள் ஓடும். அந்த விசிறிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவற்றின் சத்தத்தைப் பிடித்து, லேப்டாப்பில் போட்டு, ரப்பர்போல் இழுத்து இசையாக்குவது அவன் பைத்தியம். அதை ஆம்பியண்ட் என்கிறார்கள். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை அவன் வாசிக்கத் தொடங்கியபோது நான் முடிவெட்டப் பிரிஞ்சாங் போனேன். வெட்டிக்கொண்டு, மீ கோரெங் சாப்பிட்டு, ஒருவரிடம் சண்டை பிடித்து, சமாதானமாகித் திரும்பி வந்தேன். அதே ஸ்வரத்தில் இருந்தான். அவன் சுண்டுவிரலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டிக் குடியேறியிருந்தது.

"டே, கைய எடுடா" என்றேன்.

"இருங்க அங்கிள். முட்ட வெச்சிருக்கு."

ஆனால் அந்த ஒரே ஸ்வரத்துக்குள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால், அதற்குள் ஆயிரம் நடமாட்டம் இருக்கும். மழைக்கு முந்திய காற்று, எங்கோ லோரி கியர் மாற்றுவது, பக்கத்து வீட்டில் யாரோ புரண்டு படுப்பது. என் வீட்டுக்காரி போன பிறகு எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது அவன் சத்தத்தைக் கேட்டுத்தான். இதில் பொய் இல்லை.

இந்த இரண்டையும் ஒரே ஆல்பத்தில் சேர்க்க வேண்டும் என்பது ரஞ்சிதத்தின் ஆசை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் அவள் பல குழுக்களில் வாசித்துப் பார்த்தவள். எங்கே போனாலும் சத்தம் போட ஆள் இருந்தார்கள். சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. "எல்லாருமே கத்துனா யாருக்குப் பயம் வரும் பெரியப்பா? சுத்தி அமைதி இருந்தாத்தான் இடி இடியா இருக்கும்" என்பாள். அந்த அமைதியை உண்டாக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்து, கடைசியில் எங்கள் ஃபேக்டரி வாசலிலேயே கண்டுபிடித்தாள். அவன் ஒரு விசிறியின் முன்னால் மைக்கை நீட்டிக்கொண்டு, அது பேட்டி கொடுக்கும் என்று காத்திருந்தான்.

கண்டுபிடித்தது சுலபம். சேர்ப்பதுதான் பாடாக இருந்தது.

மிக்ஸர் என்று ஒரு பலகை. அதில் மேலும் கீழும் தள்ளுகிற கட்டைகள். ஒரு பக்கம் கித்தார், மறு பக்கம் ஹரிதாஸ். கித்தார்க் கட்டையை மேலே தள்ளினால் ஹரிதாஸ் இருந்த இடம் தெரியாமல் போவான். ஹரிதாஸ் தெரிவதற்காகக் கித்தாரை இறக்கினால், அது ஊசி போட்டுப் படுக்கவைத்த புலிபோல் கொட்டாவி விடும். சரி, ஒரு பாட்டு அவளுக்கு, ஒரு பாட்டு அவனுக்கு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு வீட்டுக் கல்யாணத்த ஒரே மண்டபத்துல வெச்ச மாதிரி இருக்கு. இந்தச் சொந்தக்காரன் அந்தச் சொந்தக்காரனப் பாத்து மொறைக்கிறான்" என்றான் ஹரிதாஸ்.

"அப்ப ஒரே பாட்டுல ஒன்னோடத மொதல்ல போட்டு, பின்னாடி நான் வரேன்."

அதையும் செய்தார்கள். ஓடுகிற வண்டியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க என் லேண்ட் ரோவரில் போட்டார்கள். ஹரிதாஸ் பகுதி இன்ஜின் சத்தத்தில் கேட்கவே இல்லை. நான் ஒலியைக் கூட்டினேன். கேட்கவில்லை. இன்னும் கூட்டினேன். அந்த நேரம் பார்த்து ரஞ்சிதத்தின் பகுதி வந்தது. வண்டி பயந்து, தானாகவே ரிவர்ஸ் போட்டுக்கொண்டு கீழே ரிங்லெட் டவுன் வரைக்கும் பின்னாலேயே போய்விட்டது. நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வளைவுகளில் அதுவே ஹாரன் அடித்துக்கொண்டது.

இப்படி மாதக்கணக்கில் போயிற்று. ஹரிதாஸ் இல்லாத நேரத்தில் ரஞ்சிதம் கித்தாரை ஒரு நூல் ஏற்றுவாள். ரஞ்சிதம் கடைக்குப் போனதும் ஹரிதாஸ் அதை ஒரு நூல் இறக்குவான். இரண்டு பேரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கட்டை தேய்ந்து பாதியாகிவிட்டது.

ஒருநாள் ஹரிதாஸ் கொட்டகைக்கு வந்தான். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"ரஞ்சி, சிங்கப்பூர்ல கூப்புடுறாங்க. கம்ப்யூட்டர் கேம் செய்ற கம்பெனி. அதுக்குச் சத்தம் பண்ணணுமாம். வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

ரஞ்சிதம் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "போறியா?"

"இந்த ஆல்பத்துல நான் இருக்கேனான்னே தெரியல லா. என்னையே தேடிப் பாக்குறேன், கெடைக்க மாட்டேங்குறேன். வெள்ளிக்கெழமக்குள்ள ஒரே ஒரு பாட்டுல, ஒரே ஒரு எடத்துல, 'ஆ, இது நான்'னு எனக்குக் கேட்டுச்சுன்னா இருக்கேன். இல்லாட்டி போயிடுறேன்."

"சரி" என்றாள்.

அவன் போன பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, இவன் போயிட்டா எனக்கு இன்னொருத்தன் கெடைக்க மாட்டான். வெறும் சத்தம் போட எனக்கு ஆளே வேணாம். அதுக்கு நானே போதும்."

அந்த வாரம் முழுவதும் கடையைத் திறக்கவில்லை. கொட்டகையிலேயே கிடந்தாள். உறுமி உறுமித் தொண்டை புண்ணாகி, வியாழக்கிழமை சாயங்காலம் குரல் சுத்தமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஹரிதாஸ் வந்தபோது கையால் உட்காரச் சொன்னாள். ஹெட்போனை அவன் தலையில் அவளே மாட்டினாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

அவள் செய்திருந்தது இதுதான்: கித்தாரைக் குறைக்கவில்லை. ஹரிதாஸைத் தூக்கிக் கித்தாரின் உயரத்துக்கு ஏற்றியிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தாள். கல்யாண வீட்டில் நூறு ரைஸ் குக்கர் ஒரே சமயத்தில் கொதிப்பதுபோல் இருந்தது. தகரக் கூரையில் ஆணிகள் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு மேலே எழும்பி, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தன.

ஹரிதாஸ் கடைசிவரை கேட்டான். ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரைப் பொறுமையாகச் சுற்றினான்.

"கேக்குதா?" என்று ரஞ்சிதம் கேட்டாள். ஓட்டை டயரில் காற்று போகிற சத்தம்தான் வந்தது.

"கேக்குது."

"அப்பறம் என்ன?"

"சத்தமா இருந்தா அது நான் இல்ல ரஞ்சி. நீ என்னையும் ஒரு கித்தாரா ஆக்கிட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். தன் ரெக்கார்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போன் பண்ணிட்டு வந்துர்றேன் அங்கிள்" என்று வெளியே போய்விட்டான்.

எங்கள் பக்கத்து மலையில் போனுக்கு லைன் கிடைக்காது. எதிர்மலையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் நின்றால் கிடைக்கும். அதற்குச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் மரப்பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள் ஏற வேண்டும். அரை மணி நேர நடை. அன்று பள்ளம் முழுக்க மூட்டம் பால்போல் நிறைந்திருந்தது. ஹரிதாஸ் இறங்கினான், மூட்டம் மூடிக்கொண்டது.

ரஞ்சிதம் ஸ்பீக்கரை அணைத்தாள். பிறகு ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு அதே பாட்டைக் கேட்டாள். பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"பெரியப்பா, அவன் சொல்றது சரி" என்றாள் அந்த டயர்க் குரலில். "நான்தான் மடச்சி. அவன் போன் பண்றதுக்கு முன்னாடி அதச் சொல்லணும்."

லேண்ட் ரோவரை முடுக்கினேன். ரிங்லெட் போய் வந்ததிலிருந்து அதற்கு என்மேல் கோபம், கிளம்ப மறுத்துவிட்டது. ஓடிப் பிடிக்கலாம் என்றால் மூட்டத்தில் எந்தத் தேயிலை வரிசையில் ஏறுகிறான் என்று தெரியாது. கூப்பிடத்தான் வேண்டும்.

மலைக்கு மலை கூப்பிடுவதற்கு எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லும். அது சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வார்த்தை. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கத்தினால், போகிற வார்த்தையும் வருகிற வார்த்தையும் பள்ளத்தில் மோதிக்கொண்டு ஒன்றும் விளங்காது. லயத்து வீடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொள்ளும். நாகப்பன் என்று ஒரு கங்காணி இருந்தார், அவர் மட்டும் கடைசிவரை பழகவில்லை. அவர் மோதவிட்ட வார்த்தைகள் இன்னும் பள்ளத்தில்தான் கிடக்கின்றன. பெரிய மழை வந்தால் ஒன்றிரண்டு ஆற்றில் மிதந்து வரும். பெண்கள் அந்த நேரத்தில் துணி துவைக்கப் போக மாட்டார்கள்.

ரஞ்சிதத்துக்குக் குரல் இல்லை. நான் கத்திப் பார்த்தேன். என் குரல் பாதிப் பள்ளம் போய், மூச்சு வாங்கி, ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டது.

ரஞ்சிதம் மேலே பார்த்தாள். லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில். கோயில் தூணில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள், வாயைப் பள்ளத்தின் பக்கம் திறந்துகொண்டு நின்றன. அவள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பின்னால் நான் வயர்ச் சுருளோடு ஏறினேன்.

கோயில் சாவி செல்லம்மாவிடம். அன்று வெள்ளிக்கிழமை, விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கோயிலுக்குள்ள என்னடி துப்பாக்கி மாதிரி தூக்கிட்டு வர்ற? என்ன கந்தண்ணே இது?"

"ஸ்பீக்கர் வேணும் செல்லம்மா. ஹரிதாசக் கூப்புடணும்" என்றேன்.

"ஆளக் கூப்புட ஆத்தா ஸ்பீக்கரா? நல்லாருக்கே கத! போ போ. இதுல அம்மன் பாட்டு மட்டுந்தான்."

"திருவிழாவுல இதே ஸ்பீக்கர்ல உறுமி அடிச்சாங்களே. ஆத்தா காதப் பொத்திக்கிட்டா?"

செல்லம்மா கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். "எந்த ஹரிதாசு? நம்ம கோயில் மணிச் சத்தத்தப் பிடிச்சுட்டுப் போனானே, அவனா? ஒத்த அடி அடிக்கச் சொல்லிட்டு, 'சத்தம் முடியற வரைக்கும் மூச்சு விடாதீங்க அத்தே'ன்னான். அது முடியவே இல்ல. எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு."

"அவனேதான். சிங்கப்பூர் போறேங்கறான். எதிர்மலையில போன் பண்ணப் போயிருக்கான்."

"அலாமா" என்று பதறினாள் செல்லம்மா. ரஞ்சிதத்தைப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு கித்தாரைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டு. மொதல்ல அதுக்குக் குங்குமம் வையி."

புது லோரிக்குச் செய்வதையெல்லாம் கித்தாருக்குச் செய்தாள். சந்தனம், குங்குமம், கற்பூரம். அடியில் நசுக்க ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தாள். கித்தாருக்குச் சக்கரம் இல்லாததால் என் காலடியில் வைத்து மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன்.

ரஞ்சிதம் வயரைச் செருகி, தந்திகளை இன்னும் தளர்த்தி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தச் சத்தம் ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கறுப்பாக, ஒரு கூரை அகலத்துக்கு இருந்தது. தேயிலைச் செடிகள் எல்லாம் தலையைக் குனிந்துகொள்ள, அது மேலாகப் போய் மூட்டத்துக்குள் விழுந்தது.

ரஞ்சிதம் கையை நிறுத்தினாள்.

இசைக்காக நிறுத்தவில்லை. இந்த மலையில் பிறந்தவள், எதிர்மலைக்குக் கூப்பிடுகிறாள், கை தானாக நின்றது. கொட்டகைக்குள் அத்தனை மாதம் வாசித்தபோது அவள் ஒருமுறைகூட இப்படிக் காத்திருந்ததில்லை. அங்கே பதில் சொல்ல மலை இல்லை, சுவர்தான் இருந்தது.

மலை பதில் சொன்னது. ஆனால் போனது திரும்பி வரவில்லை. மூட்டம் அதன் இரும்பையெல்லாம் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பியதுபோல், ஓரம் இல்லாமல், முள் இல்லாமல், அகலமாக, மெதுவாக ஒரு சத்தம் வந்தது. வந்து கோயில் படிகளில் ஏறி, எங்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

"யாரு, ஹரிதாசா வாசிக்கிறான் அங்க?" என்றாள் செல்லம்மா.

ரஞ்சிதம் பள்ளத்தின் பக்கம் காதைத் திருப்பினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பல வருஷமாகத் தேடின சாவி தன் இடுப்பிலேயே இருப்பதைக் கண்டவள் முகம் அது. மறுபடி தட்டினாள். நின்றாள். வருவதை முழுக்க வரவிட்டு, அது தரையில் அடங்குகிற நேரம் பார்த்து அடுத்ததைத் தட்டினாள். போவது இடி, வருவது மூட்டம். ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. அவள் வாசிப்பை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் வாசிக்காமல் இருப்பதில் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவில் அவள் தன் கையை அடக்கி வைத்திருந்த விதம் இருக்கிறதே, அதற்கே தனியாக டிக்கெட் போடலாம்.

பள்ளத்திலிருந்த மூட்டம் ஓடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டது.

அப்போது எதிர்மலையிலிருந்து குரல் வந்தது.

"ரஞ்சீ…"

மலை அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தோம்.

"போனு…"

மறுபடி காத்திருந்தோம். செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பண்ணிட்டானா இல்லியா? சீக்கிரம் சொல்லித் தொலையேன்டா!"

"பண்ணல!"

"பண்ணல, பண்ணல" என்று மலையும் சொன்னது. அதற்கும் சந்தோஷம்தான் போலிருக்கிறது, வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகச் சொன்னது.

"சத்தத்த…"

"கொறைக்கச் சொல்லப் போறான்" என்றேன் நான். மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

"கூட்டு!"

ரஞ்சிதம் சிரித்தாள். சிரிப்பும் டயர் காற்றாகத்தான் வந்தது. ஸ்பீக்கர் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகினாள். அன்று மத்தியானம் வரைக்கும் வாசித்தாள். எங்கள் பள்ளத்தில் இடம் போதாமல் கொஞ்சம் சத்தம் திரிங்காப் பக்கம் வழிந்து போனது. அங்கே முட்டைக்கோஸ் எல்லாம் இறுக மூடிக்கொண்டு, லோரியில் ஏற்றும்வரை திறக்கவில்லையாம். போன சத்தம் சுற்றுவழியாகத் திரும்பி வர மறுநாள் ஆகிவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாக வந்து, அசதியாக ஒரு மூலையில் படுத்துக்கொண்டது.

ஹரிதாஸ் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தான். ரெக்கார்டரை மட்டும் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டு வந்திருந்தான். எங்கே போனாலும் அதை ஓடவிட்டுக்கொண்டே போவது அவன் பழக்கம்.

"அங்கிள், தொட்டிகிட்ட நின்னு நம்பர அடிக்கிறேன். அந்தப் பக்கத்துலேர்ந்து வருது. மொதல்ல என் சத்தம்னுதான் நெனச்சேன். லேப்டாப்ப ஆஃப் பண்ணாம வந்துட்டேனோன்னு பார்த்தேன்." ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினான். "பார்த்தா நீ."

"நீதான்" என்றாள் ரஞ்சிதம்.

"கித்தார் ஒன்னோடது லா."

"தூரம் ஒன்னோடது. நான் எந்தக் காலத்துல அவ்ளோ தூரத்துல நின்னு கேட்டிருக்கேன்?"

இரண்டு பேரும் ரெக்கார்டரைக் கேட்டார்கள். ஒரு காது அவளுக்கு, ஒரு காது அவனுக்கு. ஒரு இடத்தில் ஹரிதாஸ் கையைத் தூக்கினான். "இது" என்றான். "இது நான்."

சிங்கப்பூர்க்காரர்களுக்கு மறுநாள் போன் பண்ணி வரவில்லை என்று சொன்னான். ஏன் என்று கேட்டார்களாம். எதிர்மலையில் வேலை இருக்கிறது என்றானாம். எந்தக் கம்பெனி என்று கேட்டார்களாம்.

அதன் பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து செய்தார்கள். பழையதில் ஒரு பாட்டையும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் இந்த மலையில், அவன் அந்த மலையில். ஒரே தட்டைக் கிட்டத்திலும் பிடித்தார்கள், தூரத்திலும் பிடித்தார்கள். விசிறிச் சத்தத்தையும் மணிச் சத்தத்தையும் அவன் அங்கிருந்து அனுப்ப, அவை பள்ளத்தைக் கடந்து வருவதற்குக் காத்திருந்து அவள் அவற்றின்மேல் உறுமினாள். மழை நாள் ஒரு மாதிரி, வெயில் நாள் ஒரு மாதிரி. மூட்டம் கனமாக இருக்கிற நாளில் ஹரிதாஸ் வேலைக்கு லீவு போட்டான். அதுவரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தது யார் சத்தம் பெரியது என்று. இப்போது எது எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சண்டை போடாமலே பதில் கிடைத்தது, பெரும்பாலும்.

முடிந்ததும் செல்லம்மா தான்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இடி வந்த இடத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது அடங்கி, அகன்று, பெரிதாகிக்கொண்டே போன இடத்தில் கண்ணை மூடினாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று தொட்டேன்.

"இரு கந்தண்ணே" என்றாள். "இன்னும் முடியல."

எனக்கு இசை தெரியாது. உலகத்தில் இப்படி ஒன்றை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்றும் தெரியாது. செய்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வணக்கம். ஆனால் தந்தியில் தட்டுகிற ஒரே தட்டு ஆளை முதலில் சுவரோடு அறைந்து, அப்புறம் வந்து போர்வை போர்த்திவிட்டுப் போவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் எந்தப் பாதி யாருடையது என்று அவர்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் மற்றவரைக் காட்டினார்கள்.

ஆல்பத்தை அனுப்புவதற்கு முதல்நாள் கடைசிப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை பார்க்க உட்கார்ந்தார்கள். நான் தேநீர் கொண்டு போனபோது பழையபடி மிக்ஸரின் முன்னால் வாக்குவாதம்.

"கித்தார இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றான் ஹரிதாஸ்.

"போதும்டா. இதுக்கு மேல ஏத்துனா நீ காணாமப் போயிடுவ."

"போனா என்ன? திரும்பி வருவேன்ல."

ரஞ்சிதம் தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு தன் பக்கத்துக் கட்டையை ஒரு நூல் மேலே தள்ளினாள்.